யாழ்ப்பாண வழக்கிற் ‘கதைத்தல்’

ஒரு மொழியைப் பேசுவோர் பல நாடுகளிலும் பல ஊர்களிலும் பரந்து வாழும்போது, ஒரே சொல் இடந்தோறும் பொருள் வேறுபட்டு வழங்குதல் இயல்பேயாம். தமிழிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உள. மானிப்பாயில் ஒரு தாய், நேரங்கழித்து வீடு திரும்பிய மகனைப் பார்த்து, “ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனி?” என்று கேட்கின்றாள். யாரோடு பேசிக்கொண்டு நின்றாய் என்பதே அவள் வினாவின் பொருள். இதே தொடரைத் தஞ்சையிலோ மதுரையிலோ உள்ள ஒருவர் கேட்பின், மகன் தெருவில் நின்று யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தான் என்று ஒரு கணம் மயங்குதல் கூடும். தமிழ்நாட்டில் கதை என்பது சொல்லப்படுவது. யாழ்ப்பாணத்திலோ அது பேசப்படுவதும் ஆகும்.

அம்மகனே மறுநாள் பள்ளிக்கூடத்திற் கட்டுரை எழுதும்போது, “நானும் நண்பனும் நெடுநேரம் கதைத்தோம்” என்று எழுதுகின்றான். ஆசிரியரின் சிவப்பு மை ‘கதைத்தோம்’ என்பதை வெட்டிப் ‘பேசினோம்’ என்று திருத்துகின்றது. இத்திருத்தத்தினால் மாணவன் அறிந்துகொள்வன இரண்டு. ஒன்று, தான் எழுதிய சொல் பிழையானது என்பது. மற்றொன்று, தன் தாய் நாடோறும் வழங்கும் சொல்லும் பிழையானது என்பது. முன்னையது உண்மையாயிருப்பின் அதனைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். பின்னையதைக் கற்பிக்கும் முன், அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஆட்சியையும் ஆராய்தல் வேண்டும்.

கதை என்பது வடசொல். ‘கதா’ என்னும் வடமொழிப் பெயர் ஆகார ஈறு ஐகாரமாகத் திரிந்து தமிழிற் கதை என்றாயிற்று. சபா சபையாகவும் மாலா மாலையாகவும் வருதற்கு நன்னூல் கூறும் விதியே இதற்கும் உரியது. வீமனின் படைக்கலமாகிய கதையும் அவ்விதியினாலேயே இவ்வடிவம் பெற்றது. ஆயின் அது ‘கதா’ என்றே எழுதப்படினும் வேறொலியுடைய பிறிதொரு சொல்லிலிருந்து வந்தது. வடமொழியில் வேறுபட்டு ஒலிக்கும் இரு சொற்கள் தமிழெழுத்தில் ஒன்றாயின.

பெயராக வந்த இச்சொல் தமிழில் வினையடியாகவும் வளர்ந்தது. கதைத்தான், கதைக்கின்றான், கதைப்பான் எனப் படைத்தல், நினைத்தல் முதலிய தமிழ்வினைகளைப் போலவே அது மூன்று காலமும் ஏற்கின்றது. பிறமொழிப் பெயரொன்று ‘செய்தல்’, ‘பண்ணுதல்’ போன்ற துணைவினையை நாடாது, தானே விகுதிகளைத் தாங்கி நடக்குமாயின், அம்மொழிக்குள் அது வேரூன்றிவிட்டது என்பது தெளிவு. ‘பிரயாணம் செய்தான்’ என்கின்றோம். ‘பிரயாணித்தான்’ என்பது அருகியே வருகின்றது. ‘கதை செய்தான்’ என்றோ பேசுதற்பொருளில் எவரும் கூறுவதில்லை.

பேச்சில் இவ்வினை கொள்ளும் வடிவங்கள் கருதத்தக்கன. கதைத்தான் என்பது கதைச்சான் ஆகின்றது. ஐகாரத்தின் பின் வரும் தகரம் சகரமாதல் தமிழ்ப் பேச்சுவழக்கிற் பரவலாகக் காணப்படுவதே. ‘அவையள் கதைக்கினம்’ என்னும் தொடரில், நூல்வழக்கில் அஃறிணைப் பன்மையாகிய ‘அவை’ உயர்திணைக்கு வந்துள்ளது. ‘கதைக்கினம்’ என்னும் முற்றும் யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பாக உரியது. ‘நான் நேற்றுக் கதைச்சனான்’ என்பதில் கதைத்த நான் என்னும் தொடர் ஒடுங்கி வினைமுற்றாய் நிற்கின்றது. மேலே தாய் கூறிய ‘நிண்டனி’ என்பதும் நின்ற நீ என்பதன் ஒடுக்கமே.

இவற்றினும் சுவையானது விலக்கும் ஏவல். பேசாதே என்னும் பொருளில் யாழ்ப்பாணத்தார் ‘கதையாதை’ என்பர். இன்றைய தமிழ்நாட்டு வழக்கு இத்தகைய வினைகளுக்கு இடையே ககரவொற்றும் ககரமும் சேர்த்து நடக்காதே, படிக்காதே, நினைக்காதே என்று கூறும். நடவாதே, படியாதே, நினையாதே என்பனவே பழைய நூல்வழக்கு. ஆகவே ‘கதையாதை’ என்பதன் ஈற்றிலுள்ள ஐகாரத்தை நீக்கி ஏகாரத்தை வைப்பின், இலக்கணம் கற்றார் எவரும் குறைகூற இயலாத பழைய வடிவம் வெளிப்படும். கொச்சை என்று ஒதுக்கப்படும் பேச்சினுள்ளே செந்தமிழின் பழமை உறைந்து கிடத்தலுக்கு இது நல்ல சான்று. ‘உந்தக் கதையை விடு’ என்னும் தொடரும் அத்தகையதே. அ, இ, உ என்னும் மூன்று சுட்டுக்களுள் உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துபோக, யாழ்ப்பாணத்தில் உது, உவன், உங்கை, உந்த என இன்றும் உயிரோடு உலவுகின்றது.

கதைத்தல் இவ்வளவு பெருவழக்காயின், பேசுதல் என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் என்னவாயிற்று என்று வினவலாம். அது மறையவில்லை; வேறு தொழிலை மேற்கொண்டது. மேடையில் ஒருவர் பேசுகின்றார். மாணவர் பேச்சுப்போட்டியிற் பங்குபற்றுகின்றனர். பெரியோர் கலியாணம் பேசுகின்றனர். சந்தையில் விலை பேசப்படுகின்றது. இவையன்றி, கடிந்துரைத்தலும் பேசுதலே. ‘அம்மா பேசுவா’ என்று ஒரு சிறுவன் அஞ்சி வீட்டுக்கு ஓடுவானாயின், தாய் உரையாடுவாள் என்பது அவன் அச்சத்துக்குக் காரணம் அன்று. கடிந்துரைக்கப்படுதலைப் ‘பேச்சு வாங்குதல்’ என்றே கூறுவர்.

இவ்விரு வினைகளின் வேறுபாட்டை வேற்றுமையுருபே காட்டிவிடும். ‘வாத்தியார் என்னைப் பேசினார்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை வந்துள்ளது. பேசுதலாகிய தொழில் ஒருவரிடமிருந்து புறப்பட்டு மற்றவர்மேற் சென்று விழுகின்றது. ‘வாத்தியார் என்னோடை கதைச்சார்’ என்பதில் வந்ததோ மூன்றாம் வேற்றுமை. அதன் பொருள் உடனிகழ்ச்சி. இங்கே தொழில் இருவருக்கும் பொது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, மற்றவர் சொல்ல இவர் கேட்பதே கதைத்தல். ஆகவே மாணவனின் கட்டுரையிற் ‘கதைத்தோம்’ என்பதை வெட்டிப் ‘பேசினோம்’ என்று எழுதும்போது, நூல்வழக்கு நோக்கில் ஒரு திருத்தம் நிகழ்கின்றது. ஆனால் யாழ்ப்பாணத்தான் உள்ளத்தில் அச்சொல் ஏந்திநின்ற தோழமைக் குறிப்பு உதிர்ந்துவிடுகின்றது.

பேசுதல் கடிதலாதல் புதுமையன்று. ‘ஏச்சும் பேச்சும்’ என்னும் இணைமொழி தமிழ்நாட்டிலும் உண்டு. சொல்லுதலைக் குறிக்கத் தமிழில் இயம்பல், பகர்தல், செப்பல், கூறல், நவிலல், நுவலல், மொழிதல், உரைத்தல், விளம்பல், சாற்றல், கழறல், பறைதல் எனப் பல சொற்கள் உள. நிகண்டுகள் இவற்றை ஒரே வரிசையில் அடுக்கினும், இவை முற்றும் ஒருபொருளன அல்ல. சாற்றல் பலரறியக் கூறுதல். கழறல் சொல்லுதலையும் இடித்துரைத்தலையும் ஒருங்கே குறிக்கும். சேரமான் பெருமாள் நாயனார் எல்லா உயிர்களும் கழறியவற்றை அறிந்தமையாற் கழறிற்றறிவார் எனப் பெயர் பெற்றார். அங்கே கழறுதல் வெறுஞ் சொல்லுதலே. அதே கழறல் நண்பனின் தவற்றை இடித்துரைத்தற்கும் வழங்கியது. கழறலுக்கு அன்று நேர்ந்தது யாழ்ப்பாணத்திற் பேசுதலுக்கு நேர்ந்திருக்கின்றது.

மேற்கூறிய வரிசையின் இறுதியில் நிற்கும் பறைதல் தனியே குறிக்கத்தக்கது. மலையாளத்திற் சொல்லுதலுக்குரிய பொதுவினை ‘பறயுக’ என்பதே. தமிழ்நாட்டிற் பெரும்பாலும் வழக்கொழிந்த இவ்வினை யாழ்ப்பாணத்து முதியோர் வாயிற் ‘பறையிறது’ என வாழ்கின்றது. இரு வீட்டார் பகைத்திருப்பின், ‘அவையளோடை பேச்சுப் பறைச்சல் இல்லை’ என்பர். பிறநாட்டார் ஓலைச்சுவடியில் தேடவேண்டிய சொல்லொன்று இங்கே வேலிக்கு வேலி ஒலிப்பது வியப்பன்றோ?

கதை என்னும் பெயர்ச்சொல்லும் யாழ்ப்பாணத்திற் பல நிறங்கள் காட்டுகின்றது. ‘கதை கொடுத்தல்’ என்பது ஒருவரை உரையாடலில் இழுத்துவைத்தல். ‘கதை கட்டுதல்’ என்பது இல்லாததைப் பரப்புதல். ‘கதை விடுதல்’ பொய்யுரைத்தல். ஊரில் ஒரு செய்தி உறுதிப்படாமல் உலவுமாயின், ‘அப்பிடி ஒரு கதை அடிபடுகுது’ என்பர். எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறும்போது, ‘ஒரு கதைக்குச் சொல்லுறன்’ என்று முன்னுரைப்பர். வேறொன்றைப் பற்றிய உரையாடலினிடையே முக்கியமானதொன்றை மெல்ல நுழைப்பது ‘கதையோடை கதையாக’ கேட்டல். பயனின்றி மிகுதியாகப் பேசுவதை மட்டும் கதைத்தல் என்னாது ‘அலட்டுதல்’ என்பர். தன் அறிவைக் காட்டுதற்குப் பேசுவது ‘விண்ணாணம்’. விஞ்ஞானம் என்னும் உயர்ந்த வடசொல், ஊரார் வாயிலே இவ்வாறு ஒரு குறும்பு வடிவம் பெற்றது.

இனி, கதைக்கு அடுத்த வீட்டில் வாழும் சொல் ‘புதினம்’. இருவர் சந்தித்தவுடன் ‘என்ன புதினம்?’ என்று கேட்பது யாழ்ப்பாணத்து வழக்கு. செய்தி யாது என்பது பொருள். செய்தித்தாளைப் புதினப்பத்திரிகை என்று கூறியதும் உண்டு. தமிழ்நாட்டிலோ புதினம் என்பது நாவலைக் குறிக்கும் இலக்கியச்சொல்லாக இருபதாம் நூற்றாண்டிற் பரவியது. ஆக, தமிழ்நாட்டிற் கதையும் புதினமும் புனைந்துரைக்கப்படுவன. யாழ்ப்பாணத்தில் இரண்டும் அன்றாட வாழ்க்கையில் மனிதர் ஒருவரோடொருவர் பரிமாறிக்கொள்வன. ஆங்கிலத்திற் செய்தியையும் நாவலையும் குறிக்கும் இரு சொற்களும் புதுமை என்னும் பொருளுடைய அடியிலிருந்தே வந்தன என்பதை நோக்கின், இவ்விரு வழக்கும் ஒரே கிளையின் இரு கொப்புகள் என்பது விளங்கும்.

கதையும் செய்தியும் ஒரு சொல்லுள் அடங்குதற்கு மேற்றிசையில் அழகியதோர் ஒப்புமை உண்டு. அயர்லாந்தின் பழைய மொழியாகிய ஐரிஷில் ‘ஷ்கேல்’ என்று ஒரு சொல் நாள்தோறும் வழங்குகின்றது. அது பழங்கதையையும் குறிக்கும். புதிய செய்தியையும் குறிக்கும். வழியிற் சந்திக்கும் இருவருள் ஒருவர், ‘ஏதேனும் ஷ்கேல் உண்டோ?’ என்னும் பொருள்பட வினவுவது அங்கு உபசார வழக்கு. ஐரிஷ் மொழியும் பகுதிக்குப் பகுதி வேறுபட்டு வழங்குவதே. நலம் விசாரித்தற்குரிய தொடர்தானும் தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று. 1958ஆம் ஆண்டில் அரசாங்கம் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பொதுநெறி ஒன்றை வெளியிட்டது. ஆயினும் அம்மூன்று வட்டார வழக்குகளும் பிழை என்று ஒதுக்கப்படவில்லை. பொதுநெறி எழுத்துக்கு, வட்டார வழக்கு வாழ்வுக்கு என அவர்கள் இரண்டையும் கொண்டனர்.

கதை சொல்லுதல் பேசுதலாகப் பொருள் விரிந்த வரலாறும் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியிற் ‘ஃபாபுலா’ என்பது கதை. அதன் அடியாகப் பிறந்த வினையே போர்த்துக்கேய மொழியில் ‘ஃபலார்’ என்றும், ஸ்பானிய மொழியில் ‘ஆப்லார்’ என்றும் திரிந்து, பேசுதல் என்னும் பொதுப்பொருளில் வழங்குகின்றது. பிரெஞ்சு மொழியிற் பேசுதலைக் குறிக்கும் ‘பார்லே’ என்பதும் உவமைக்கதையைக் குறிக்கும் சொல்லினின்று வந்ததே. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் ‘ஃபலார்’ என்று கூறியபோதும், அவர்தம் குடிகள் ‘கதைக்கிறது’ என்று கூறியபோதும், இருசாராரும் அறியாமலே கதையின் பெயராற் பேச்சைச் சுட்டினர்.

ஆயினும் வடமொழிக் ‘கதா’வின் வரலாற்றை நோக்குமிடத்து, யாழ்ப்பாண வழக்கைப் பொருட்டிரிபு என்று கொள்ளவும் வேண்டுவதில்லை. ‘கத்’ என்னும் வினையடிக்குச் சொல்லுதல், உரையாடுதல் என்பனவே பொருள். உரையாடல் என்பதும் ‘கதா’ என்னும் பெயரின் பழம்பொருளே. நியாய நூலார் வாதம், செற்பம், விதண்டை என்னும் மூவகை வாதங்களையும் ‘கதா’ என்ற பொதுப்பெயராற் சுட்டுவர். அங்கே கதையாவது இருவர் எதிரெதிர் நின்று உரையாடுதலேயாம். பாளி மொழியிலும் ‘கதா’ பேச்சையும் உரையையும் குறிக்கும். பௌத்த அபிதம்ம நூல்களுள் ஒன்றாகிய கதாவத்து கதைநூலன்று. பல கொள்கைகளை எடுத்து வாதிக்கும் நூலாகும். இந்தி மொழியிற் சொல்லுதலைக் குறிக்கும் ‘கஹனா’ என்பதும் இவ்வடியின் வழிவந்ததே.

இலங்கையின் மற்றொரு மொழியாகிய சிங்களத்தை நோக்கின் ஒற்றுமை இன்னும் நெருங்கியது. சிங்களத்திற் ‘கதாவ’ என்பது கதை. பேசுதல் ‘கதா கரனவா’. தமிழன் கதைக்கிறான், சிங்களவன் கதா செய்கிறான். ஒரு தீவில் அயலயலே வாழ்ந்த இரு மக்களினம், உரையாடுதற்கு ஒரே அடியிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டன. இவ்வொற்றுமையைக் கொண்டு, தமிழர் இவ்வாட்சியைச் சிங்களத்திலிருந்து கடன் பெற்றனர் என்று விரைந்து முடிவுசெய்தல் பொருந்தாது. வடமொழிப் பழம்பொருள் நேரே தமிழில் வந்திருத்தலும், கதை சொல்லுதல் பேசுதலாக இயல்பாய் விரிந்திருத்தலும், அண்டை மொழியின் வழக்கு அதனை வலுப்படுத்தியிருத்தலும் ஒருங்கே நிகழ்ந்திருக்கலாம். இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

சொற்களை நால்வகையாக்கி இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்றார் தொல்காப்பியர். கதைத்தல் பிறப்பால் வடசொல். வழங்கும் இடத்தால் திசைச்சொல் போன்றது. யாழ்ப்பாணத்தாருக்கோ, கற்றாரும் கல்லாதாரும் பொருள் விளங்கி வழங்குதலால், இயற்சொல்லின் தன்மையது. ஒரு சொல்லை ஒருவகையுள் மட்டும் அடக்கிக் குற்றம் கூறுவோர், அது மற்றவகையிலும் நிற்பதைக் காணாதவராவர்.

இவ்வாராய்ச்சிக்கு மானிப்பாய் பொருத்தமான களம். 1842ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் வாயிலாக இங்கிருந்து வெளிவந்த தமிழ்ப் பேரகராதி, யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் பெயர் பெற்றது. ஏறத்தாழ 58,500 சொற்களுக்குத் தமிழிலேயே பொருள் தந்த அந்நூலின் ஆக்கத்தில் யாழ்ப்பாணத்துச் சந்திரசேகர பண்டிதரின் உழைப்புப் பெரிது. 1862இற் சென்னையில் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கும் யாழ்ப்பாணத்திலே நடந்த தொகுப்புப் பணியே அடிப்படை. மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கக் கலைச்சொற்களை ஆக்கியதும் இவ்வூரிலேயே. சொற்களை எண்ணியும் எடைபோட்டும் பழகிய ஊர் தன் அன்றாடச் சொல்லைப் புறக்கணித்தல் தகாது.

பேச்சுவழக்கை ஏட்டில் ஏற்றலாமா என்னும் வினா ஈழத்திற் கடுமையாகவே வாதிக்கப்பட்டது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, ‘நானாடகம்’ (1940), ‘இருநாடகம்’ (1952) ஆகிய நூல்களில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை நாடகமொழியாக்கினார். 1960களின் தொடக்கத்தில், சிறுகதைகளில் அவ்வழக்கு பெருகியபோது மரபுப் போராட்டம் எழுந்தது. மக்கள் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று இகழ்ந்தாரும் இருந்தனர். பின்னர்ப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் சொல்லமைப்பையும் மொழியியல் முறைப்படி விரித்து ஆராய்ந்தார். 2008இல் வெளிவந்த க்ரியா அகராதியின் இரண்டாம் பதிப்பு இலங்கை வழக்குச் சொற்கள் பலவற்றை ஏற்றது. இகழப்பட்டது ஆராயப்பட்டது, ஆராயப்பட்டது அகராதியில் அமர்ந்தது.

அகராதியில் அமர்தல் மட்டும் ஒரு சொல்லை வாழ்விக்காது. 1983இன் பின் யாழ்ப்பாணத்தவர் பல்லாயிரவர் தமிழ்நாட்டிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடியேறினர். சென்னைத் தெருவிற் ‘கதைக்கிறது’ என்ற ஒரு சொல்லே அவரை இன்னாரென்று காட்டிக்கொடுத்தது. அதனால் அதனை விழுங்கிப் ‘பேசறேன்’ என்று கூறப் பழகியோரும் உளர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் பிள்ளைகளுக்குத் திரைப்படமும் தொலைக்காட்சியும் தமிழ்நாட்டு வழக்கையே ஊட்டுகின்றன. பேரப்பிள்ளை தொலைபேசியில் ‘பேசலாமா?’ என்று கேட்க, மானிப்பாயிலிருக்கும் பாட்டி அதில் ஏதோ ஒரு கடுமையை உணர்ந்து, ‘ஓம் பிள்ளை, கதை’ என்று விடையிறுத்தல் கூடும். இருவரும் கூறுவது தமிழே. எனினும் உடனிகழ்ச்சிப் பொருள் ஒருபுறமே நிற்கின்றது.

முடிவாக, சிவப்பு மைக்கு வருவோம். எல்லா நாட்டுத் தமிழரும் படிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் பரீட்சை விடைக்கும் பொதுவழக்காகிய பேசுதல், உரையாடுதல் என்பன ஏற்றவை. அவற்றை மாணவர் கற்றேயாதல் வேண்டும். கதையிலும் நாடகத்திலும் கடிதத்திலும் நாட்குறிப்பிலும் யாழ்ப்பாணத்து மாந்தர் கதைக்கட்டும். ‘கதைத்தோம்’ என்பதை மாற்றவேண்டிய இடத்தில், ஆசிரியர் வெட்டியதோடு நில்லாது, “இது பிழையன்று, இவ்விடத்துக்கு உரியதன்று” என்று பக்கத்திற் குறித்தல் நன்று. அவ்வொருவரிக் குறிப்பு, மாணவனுக்குப் பொதுத்தமிழையும் கொடுக்கும். தாயின் தமிழையும் பறிக்காது.